கொக்காங்குளத்துத் தங்கமீனுவ

இல்ல அண்ணாச்சி, அது கெண்டை இல்ல. கெண்டைன்னுதான் எல்லாரும் நெனைக்காவ. இப்ப உள்ள முங்கும்போது கால்ல வந்து வந்து இடிச்சுதுன்னு சொன்னியள்லா, அது அம்புட்டும் கோல்டு ஃபிஷ். ஆமா, வீட்டுல கண்ணாடித் தொட்டிக்குள்ள செவப்பா சுத்துமே, அதேதான். சிரிக்காதிய. சத்தியமா சொல்லுதேன்.

நீங்க மொதல்ல டீயைக் குடிங்க, ஆறிப்போகும். ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுட்டு. சாரல் தண்ணி அண்ணாச்சி இது, குற்றாலத்துல விழுந்து நேரா வாய்க்கா வழியா வாரது, குளுராம என்ன செய்யும். போட்டுல அந்த ரெண்டு பேரும் கயித்துல பாதாளக் கரண்டியை, அந்தக் கொக்கிக் கொத்தைப் போட்டு இழுக்காவள்லா, அவங்க இன்னொரு சுத்து வரட்டும். அதுவரைக்கும் உக்காருங்க. உங்க சட்டை எங்கிட்டதான் இருக்கு, நனையல. குற்றாலீஸ்வரன்னு பேட்ச்ல பாத்தேன். எந்த ஊரு? ஆலங்குளமா? எங்க கிளாஸ்ல பாதிப் பேரு ஆலங்குளந்தான்.

நான் ஹுஸைஃபா. பி.எஸ்சி. ஜுவாலஜி, ரெண்டாவது வருசம். உங்க ஃபயர் சர்வீஸ் ஆஃபீசர்தான் கூப்பிட்டு விட்டாரு. ஏலே, இந்தக் கொளத்துல ஆழம் எங்கன, சகதி எங்கனன்னு உனக்குத்தான் தெரியுமாம்லா, இவர்ட்ட சொல்லுன்னாரு. சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். ஆனா கொளத்தைப் பத்திப் பேசணும்னா மீனைப் பத்திப் பேசாம முடியாது பாத்துக்கிடுங்க. கொக்காங்குளம் இப்ப ஊருக்காரங்களுக்குச் சொந்தம் இல்ல. அதுவளுக்குத்தான் சொந்தம்.

ஒரு நிமிசம், போன். வீட்டுலருந்துதான். கட் பண்ணிருதேன். பொறவு பேசிக்கிடலாம்.

எங்க விட்டேன்? ஆங், நிறம். உங்களுக்குக் கெண்டைன்னு தோணுச்சுல்லா, அது ஏன்னு கேளுங்க. தொட்டியிலருந்து கொண்டாந்து விடும்போது எல்லாம் செவப்பு, மஞ்ச, வெள்ளைன்னுதான் இருக்கும். ஆனா அது போடுத குஞ்சு பொறக்கும்போது செவப்பா பொறக்காது. சகதி கலர்ல பொறக்கும். வளரவளரத்தான் சிலது நிறம் மாறும். தொட்டிக்குள்ள மாறினா அழகு. கொளத்துல மாறினா மேல மீன்கொத்தி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்லா, டபுக்குன்னு கொத்திட்டுப் போயிரும். கொக்கு, நீர்க்காகம், எல்லாத்துக்கும் செவப்புதான் மொதல் பலி. மாறாததுதான் பொழைக்கும். அதோட குஞ்சு, அதோட குஞ்சுன்னு போகப்போக மொத்தமும் சகதி கலர். தங்கமே இல்லாத தங்கமீன்! நான் மொத மொதல்ல பிடிச்சதைக் கரையில போட்டு அளந்து பாத்தேன் அண்ணாச்சி. என் முழங்கை நீளம். எடைக்கு ரெண்டு கிலோ பக்கத்துல. மீசை இருக்கான்னு பாத்தேன். சாதாக் கெண்டைக்கு மீசை இருக்கும், இதுக்கு இருக்காது. இல்ல. ஃபோட்டோ எடுத்து எங்க சார்க்கு அனுப்பினா, எங்கருந்துடா இதைப் பிடிச்சன்னு அவரே போன் போட்டுட்டாரு.

அதுலருந்து எனக்குப் பைத்தியம்தான். கயித்துல கல்லைக் கட்டி ஆழம் பாத்தது, வெள்ளைத் தட்டைத் தண்ணிக்குள்ள எறக்கி எம்புட்டுத் தூரம் தெரியுதுன்னு பாத்தது, எல்லாம் அப்பத்தான். இதுக்குன்னு நெட்டுல ஒரு பேஜ் கூட வச்சிருக்கேன். பயலுவ என்னை மீனுப்பாய்னுதான் கூப்பிடுவானுவ.

எப்படி வந்துச்சா? அது பெரிய கூத்து. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளு சார்ஜாவுல இல்ல தம்மாமுல இருப்பாவ. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு. வந்த மொத வாரம் என்ன செய்வாவ தெரியுமா? தென்காசிக்குப் போயி மீன்தொட்டி வாங்குவாவ. ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. பிள்ளையளுக்குன்னு சொல்லுவாவ. பிள்ளைய ரெண்டு நாள் பாத்துட்டு விளையாடப் போயிரும். அவங்கதான் சாயங்காலம் சாயங்காலம் சேரை இழுத்துப் போட்டு அது முன்னால உக்காந்துருப்பாவ. அங்க ஒரு ரூமுக்குள்ள எட்டுப் பேரு, மேல கீழ கட்டிலு. இங்க வந்தா ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள மீனு சும்மா சுத்துததைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதே அவங்களுக்குப் பெரிய சொகம் போல.

லீவு முடியும்லா. அப்ப தொட்டிக்கு யாரு தண்ணி மாத்துவா? வீட்டுப் பொம்பளையளுக்கு ஆயிரம் சோலி. யாருக்காவது குடுக்கலாம்னா எல்லார் வீட்டுலயும் தொட்டி இருக்கு. சாக விட்டா பாவம். அதுனால, கெளம்புததுக்கு மொத நாள், இல்லாட்டி அன்னைக்குக் காலையில, ஒரு வாளியில அள்ளிக்கிட்டு வந்து பிஸ்மி சொல்லி இந்தக் கொளத்துல விட்டுருவாவ. ஒரு உசுரை விட்டுட்டுப் போனா பயணம் நல்லபடியா இருக்கும்னு பொறவு அதுவே ஒரு நம்பிக்கையா ஆயிட்டு. பாஸ்போர்ட் எடுத்தாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா, மீனை விட்டாச்சான்னு கேப்பாவ. கேலி இல்ல அண்ணாச்சி, அப்படியேதான் கேப்பாவ. திருவனந்தபுரத்துல ஃபிளைட் லேட்டுன்னா, மீனை விடலியோன்னு வீட்டுல பேச்சு வரும்.

ஆமா. அதுக்குத்தான் இன்னைக்கு முஃபீத் அண்ணனும் வந்தது. நாளைக்கு ஃபிளைட்டு. பெருநாளைக்கு வந்த ஆளு.

ஆனா அவரு தண்ணிக்குள்ளதான் கெடக்காருன்னு யாரு பாத்தா? அதைத்தான் காலையிலருந்து நான் எல்லார்ட்டயும் கேக்குதேன். சந்தனமாரி அக்கா துணி தொவைக்க வந்தப்ப படித்துறையில வாளி மெதந்துட்டு இருந்துச்சு. சரி. ரோட்டோரக் கரையில வண்டி நிக்கி. செருப்பு வண்டிக்குப் பக்கத்துல கெடக்கு. அம்புட்டுத்தான. இதை வச்சு ஆளு உள்ளன்னு சொல்லிர முடியுமா? வாளி கைநழுவிப் போயிருக்கலாம். கடைசி நாளுன்னு அஞ்சருவிக்குக் குளிக்கப் போயிருக்கலாம், எவனாவது கூட்டாளி வண்டியில ஏறி. போனு வீட்டுலயே கெடக்கு, அதான் எடுக்கல. செருப்பில்லாம குளிக்கப் போகக்கூடாதுன்னு சட்டமா?

இல்ல, எனக்கும் தெரியுது. சும்மா சொன்னேன்.

நீச்சலா? தெரியும். நல்லாவே தெரியும். எங்க தெருவுலயே அவருதான் கொளத்தைக் குறுக்க அடிச்சுட்டு வாற ஆளு, அப்ப. ஆனா அப்ப உள்ள கொளம் வேற அண்ணாச்சி. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது படியில நின்னு பாத்தா கீழ கெடக்க சிப்பி தெரியும். கழுத்தளவு தண்ணியில நம்ம கால்வெரல் நமக்குத் தெரியும். இப்ப நீங்க எறங்கினியளே, கையை நீட்டினா கை தெரிஞ்சுச்சா? டார்ச் அடிச்சும் தெரியலன்னு சொல்லுதிய. அதுதான் அதுவ செஞ்ச வேலை. வாயால சகதியை உறிஞ்சும், உள்ள இருக்க புழு, முட்டை, வேரு எல்லாத்தையும் வடிகட்டி எடுத்துட்டு, சகதியைத் துப்பும். உறிஞ்சும், துப்பும். நாள் பூரா இதே சோலி. ஏன்னா அதுக்கு இரைப்பையே கெடையாது. நெசமாத்தான்! நமக்கு வயிறு நெறைஞ்சா போதும்னு தோணும்லா, அதுக்கு நெறைய வேண்டிய எடமே இல்ல. வாய், பொறவு நீளமா ஒரு கொடலு. அதனால போதும்னே தோணாது.

இங்கன ஆம்பல் கெடந்துச்சு, தெரியுமா? அந்த மூலை பூரா. வேரோட பிடுங்கிட்டுதுவ. கொடி போச்சா, அயிரை முட்டை போட எடம் போச்சு. போட்டதையும் இதுவ தின்னுட்டு. கெளுத்தி இல்ல. வெராலு எங்கயோ ஒண்ணு ரெண்டு. மொத மொதல்ல எனக்கு உறுத்துனது எது தெரியுமா? சத்தம். மழை பெஞ்சா இந்தக் கரையில நடக்க முடியாது, தவளை அப்படிக் கத்தும். ஒரு ஐப்பசியில நல்ல மழை பெஞ்சு ஓஞ்சப் பொறவு இங்கன வந்து நிக்கேன், ஒரு சத்தம் இல்ல. தலைப்பிரட்டையைப் பூராத் தின்னு தீத்துட்டு. யாரோ வாயைப் பொத்தின மாதிரி கெடந்துச்சு கொளம். அன்னைக்கு எனக்கு இந்தத் தண்ணியைப் பாத்தே மொத தடவை பயம் வந்துச்சு அண்ணாச்சி. அதுக்கு முன்னால வந்ததே இல்ல.

சொன்னா யாரு கேக்கா. மீன்தானலே, பெருகிட்டுப் போகுதுன்னாவ. கெண்டைன்னு சொல்லிக் கடையம் சந்தையில கொண்டு வித்தானுவ, முள்ளு ஜாஸ்தின்னு அதையும் ஒருத்தரும் வாங்கல. இது இங்கனயே நிக்கும்னு நெனைக்கியளா? கார்த்திகையில கொளம் நெறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா அடுத்த கொளம். அதுலருந்து அடுத்தது. பொறவு சிற்றாறு. பொறவு தாமிரபரணி. ஒவ்வொரு கொளமா வாயைப் பொத்திக்கிட்டே போகும். ஒரு பொட்டை ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்குல போடும், வருசத்துல பல தடவை. முட்டை பசை மாதிரி ஒட்டும், புல்லுல, கட்டையில, எதுலயும்.

எதுலயும்னா... எதுலயும்தான்.

கடிக்குமான்னு கேட்டியளே, கடிக்காது. அதைத் தெளிவாச் சொல்லிருதேன். வாயில பல்லு கெடையாது. பல்லு தொண்டைக்குள்ளதான் இருக்கு, விழுங்கும்போது அரைக்கும். ஒதடு மட்டுந்தான். ஒதட்டை வச்சு மெதுவா உறிஞ்சிப் பாக்கும். கெட்டியா இருந்தா விட்டுரும். மெத்துன்னு இருக்கதைத்தான்...

வேற பேசுவோம் அண்ணாச்சி.

உங்களைப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. குளுந்த தண்ணியில மனுசன் கொஞ்சம் கூடுதலாத் தாங்குவான்னு படிச்சிருக்கேன். வெளிநாட்டுல ஒரு பிள்ளை ஐஸுக்குள்ள விழுந்து ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தும் பொழைச்சுட்டுன்னு போட்டிருந்தான். அந்த மாதிரி... இங்க அப்படி ஆகாதா? அம்புட்டுக் குளுரு காணாதா. சரி. காலையிலருந்துன்னா எப்படியும் ஆகாது. சரி சரி. சும்மா கேட்டேன். நீங்க எத்தனையோ பேரை எடுத்திருப்பிய, உங்களுக்குத் தெரியும்.

ஏன் கேட்டேன்னா, இந்த மீனுக்கு அது முடியும். தண்ணியில ஆக்சிஜன் சுத்தமா இல்லாமப் போனாலும் குளுரு இருந்தா நாள்கணக்குல, ஏன், மாசக்கணக்குல கூட உசுரோட கெடக்கும். எப்படின்னா, மூச்சு இல்லாட்டி நமக்கு ஒடம்புக்குள்ள ஒரு அமிலம் சேந்து அதுவே கொன்னுரும். இது அந்த அமிலத்தைச் சாராயமா மாத்தி செவுள் வழியா வெளிய விட்டுரும். சாராயம் அண்ணாச்சி! கிளாஸ்ல சார் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சோம், குடிகார மீனுன்னு. காலையிலருந்து எனக்கு அதேதான் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு அற்ப மீனுக்குக் குடுத்ததை அல்லா ஒரு மனுசனுக்குக் குடுத்திருக்கலாம்லா. ஒரு நாளைக்கு மட்டும். வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு.

போட்டு திரும்புதா? ஒண்ணும் மாட்டலியா. படித்துறைக்கு நேராவே இழுக்காவ. இல்ல, தப்புன்னு சொல்லல. வாளி அங்கன கெடந்துச்சுன்னா அங்கனதான் தேடுவாவ.

சவத்து மீனு... அடச்சே, வாயில என்ன வார்த்தை வருது பாருங்க. எங்க ஊருப் பேச்சு அப்படி, எதை ஏசினாலும் அதுதான் மொதல்ல வரும். காலையிலருந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டே இருக்கேன்.

அந்தப் போர்டா? படித்துறையில நிக்கதா? அது நான் வைக்கச் சொன்னது. நான் நச்சரிச்சுப் பஞ்சாயத்துல வச்சாவ. வளர்ப்பு மீன்களை விடாதீர். கீழ ஒரு மீனு படம், குறுக்க செவப்புக் கோடு. பெயிண்டரு சுறா மாதிரி வரைஞ்சுட்டான், ஊரே சிரிச்சுது. ஆனா வேலை செஞ்சுது. போர்டு வச்ச பொறவு படித்துறையில ஒருத்தரும் மீனு விடுததில்ல. எனக்கு ஒரே சந்தோசம். பேஜ்லகூடப் போட்டேன்.

பொறவுதான் தெரிஞ்சுது, விடுததை நிறுத்தல, எடத்தை மாத்தியிருக்காவ. மடைப்பக்கம். அந்தத் தெக்கு மூலையில உடைமரம் அடர்த்தியா நிக்கில்லா, அங்கன நின்னா ரோட்டுலருந்து தெரியாது. அதுவும் விடியுததுக்கு முன்னால, ஃபஜ்ர் தொழுதுட்டு நேரா வந்துருவாவ. மீனுப்பாய் எந்திரிக்க எட்டு மணி ஆகும், அதுக்குள்ள விட்டுட்டு வந்துரணும்னு பேச்சு. என் முன்னாலயே சொல்லிச் சிரிப்பாவ.

ஆமா அண்ணாச்சி, மடைப்பக்கந்தான் மோசம். அங்கன படி கெடையாது, வெறும் மண்ணுக்கரை. தண்ணி ஓட்டத்துல ஏற்கனவே அரிச்சது. அது போக இதுவ கரையோரத்துல கீழயே தோண்டித் தோண்டி உள்ள பொந்து மாதிரி ஆயிட்டு. மேல பாத்தா புல்லு மொளைச்சு கெட்டியா இருக்க மாதிரி இருக்கும், கால் வச்சா கொடை சாஞ்ச மாதிரி அப்படியே எறங்கும். கீழ சகதி இடுப்பளவு. நான் கம்பை விட்டுப் பாத்திருக்கேன், கம்பை உருவ ரெண்டு பேரு வேணும். நீச்சல் தெரிஞ்சு என்ன செய்ய? நீச்சல் தண்ணிக்குத்தான.

வாளி எப்படிப் படித்துறைக்கு வந்துச்சா? நல்லாக் கேட்டிய. சாரக்காத்து எங்கருந்து அடிக்குது பாருங்க. தெக்கேயும் மேக்கேயும் இருந்துதான. வெறும் வாளி அண்ணாச்சி, பிளாஸ்டிக்கு. மடையில விழுந்தா கரையைத் தடவிக்கிட்டே மெதந்து மெதந்து இங்கன வந்து ஒதுங்கும். எம்புட்டு நேரம் ஆகப்போகுது.

இருங்க, இருங்க. எந்திரிக்காதிய. ஒரு நிமிசம் உக்காருங்க. டீ இன்னும் பாதி கெடக்கு.

திரும்ப அடிக்குது. இதை எடுத்துருதேன்.

ஹலோ... இல்ல உம்மா... பாக்குதாவ... இன்னும் இல்ல... இல்ல, நீ வராண்டாம். சொல்லுதேன்லா, வராண்டாம். ஹைருன் பீவி மாமியை உன் பக்கத்துலயே இருக்கச் சொல்லு... பெட்டியா? அது கட்டினது கட்டினபடியே இருக்கட்டும், ஒருத்தரும் அவுக்காதிய... சாப்பிட்டேன்... ஆமா சாப்பிட்டேன்னுதான் சொல்லுதேன்லா... வச்சிருதேன்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

கடைசியா மீனைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிருதேன். அதுக்கு மறதி ஜாஸ்தின்னு சொல்லுவானுவ, மூணு செகண்டுதான் ஞாபகம்னு. பொய். மாசக்கணக்குல ஞாபகம் வச்சிருக்கும். சத்தத்தைப் படிச்சுக்கிடும். மடைப்பக்கம் மீனு விட வாரவங்க, மிச்சம் இருக்க தீனிப் பாக்கெட்டையும் அங்கனயே கொட்டிட்டுப் போவாவ. வீட்டுல வச்சு என்ன செய்யன்னு. அதனால வாளிச் சத்தம் கேட்டாத் தீனின்னு அதுவளுக்குத் தெரியும். நானே தட்டிப் பாத்திருக்கேன். தட்டின ஒடனே எங்கெங்கருந்தோ கூட்டமா வரும். தண்ணிக்கு மேல வாயைப் பொளந்து பொளந்து மூடும், வளையம் வளையமாப் போகும். தீனி இல்லன்னா அரை நிமிசம், கலைஞ்சுரும். அதுக்கு நிக்க நேரம் கெடையாது. ஒரே எடத்துல இம்புட்டு நேரம் கூட்டமா நிக்காது. எதுவும் இல்லாம நிக்கவே நிக்காது.

அங்கன பாருங்க. இல்ல, படித்துறை இல்ல. தெக்க. உடைமரத்துக்கொப்பு ஒண்ணு சாஞ்சு தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருக்குல்லா, அதுக்கு நேர் கீழ. வளையம் வளையமாத் தெரியுதா? மழைத்துளின்னு நெனைச்சியளா? சாரல் விட்டு எம்புட்டோ நேரம் ஆச்சு அண்ணாச்சி. வேற எங்கயாவது துளி விழுதா பாருங்க. அங்கன மட்டுந்தான். நான் காலையில வந்ததுலருந்து அங்கன மட்டுந்தான்.

தெரியும். வந்த ஒடனே தெரியும். சொல்லணும்னு உங்ககிட்ட நாலு தடவை வாயெடுத்தேன். சொல்லிட்டா நீங்க போயி எடுத்துருவிய. எடுத்துட்டா முடிஞ்சு போகும்லா.

இப்பச் சொல்லிட்டேன். போங்க. கரை வழியாப் போகாதிய, இடிஞ்சுரும், போட்டுலயே போங்க. அந்த ரெண்டு பேர்ட்டயும் பாதாளக் கரண்டி வேண்டாம்னு சொல்லுங்க. உங்க கையாலயே எடுங்க. எங்க அண்ணன்தான் அண்ணாச்சி, கூடப் பொறந்தவன். தூக்கும்போது கக்கத்துல கைகுடுத்து மட்டும் தூக்காதிய. அவனுக்கு அங்கன கூச்சம் ஜாஸ்தி.